புங்கமரத்தடியில் போட்ட சிமெண்ட்

விவேக் நகரில் எங்கள் சந்துக்குக் கான்கிரீட் போட்டபோது, என் வாசலில் நின்ற புங்கமரத்தைச் சுற்றி ஒரு முறம் அகலத்துக்கு மண்ணை விட்டுவைத்தார்கள். மழை பெய்தால் அந்த மண் தெறித்து படியெல்லாம் சேறாகும். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்கு இறங்கினால் சேலைக் கரையில் ஒட்டும். அதையும் மூடிவிடும்படி மேஸ்திரியிடம் நானே கேட்டேன். மீந்த சிமெண்டை அடிமரத்தை ஒட்டப் பூசி, கரண்டியால் தேய்த்துக் கொடுத்தார். காபி போட்டுக் கொடுத்தேன். அன்று எனக்கு அது அழகாகத்தான் இருந்தது.

இரண்டு வருஷத்தில் மரத்தில் இலை குறைந்தது. எல்லா வாசலும் இப்படியே மூடிக்கிடந்ததால், மழைத்தண்ணீர் இறங்க இடமில்லாமல் முனை வீட்டுக்குள் புகுந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. போன கோடையில் காய்ந்த கிளை ஒன்று எதிர்வீட்டு ஆட்டோவின் கூரைமேல் விழுந்தது. நல்லவேளை, உள்ளே யாரும் இல்லை. அன்றுதான் அடிமரத்துச் சிமெண்டைப் பார்த்து எனக்கு உறைத்தது. மரத்தை வெட்டச் சொல்லித் தெருவே மனு எழுதியது. என்னிடமும் கையெழுத்து கேட்டார்கள். போட்டேன். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டுமே.

மாநகராட்சி அதிகாரி வந்தார். மரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, பட்டுக்கொண்டிருக்கிறது, எடுத்துவிடலாம் என்று கன்னடத்தில் சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். படித்தது நாலாங்கிளாஸ், நாலு பேர் நடுவில் பேசிப் பழக்கமில்லை. குறி போடுவதற்கு அவர் பெயிண்ட் டப்பாவைத் திறந்ததும் எப்படியோ இறங்கிவிட்டேன். கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடித்தேன்.

"சார், மரத்து மேல தப்பில்ல. அடியில சிமெண்ட் போடச் சொன்னது நான்தான்."

எதிர்வீட்டு ஆட்டோக்காரர் என்னையே பார்த்தார். "ஏம்மா, உங்க வாசல் பளபளன்னு இருக்கணும்னு மரத்தோட கழுத்த நெரிச்சிட்டீங்களா? மனுவுல கையெழுத்து வேற."

சிலர் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. அதிகாரி சிரிக்கவில்லை; குனிந்து அடிமரத்தைச் சுற்றிப் பார்த்தார். காய்ந்த கிளைகளை மட்டும் இப்போது இறக்கலாம், சிமெண்டை உடைத்து மண்ணைத் திறந்துவிடுங்கள் என்றார். மழைக்காலம் முடிந்து வருவாராம். அப்போதும் துளிர்க்காவிட்டால் வெட்டத்தான் வேண்டுமாம்.

கடப்பாறை கொண்டுவந்தது அதே ஆட்டோக்காரர்தான். முணுமுணுத்துக்கொண்டே உடைத்தார், ஆனாலும் வேரில் படாமல் உடைத்தார். கீழே மண் சாம்பல்போல் கிடந்தது. ஒரு குடம் தண்ணீர் ஊற்றினேன். சத்தத்தோடு உறிஞ்சிக்கொண்டது. முனை வீட்டுப் பெண் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஆண்ட்டி, எங்க வீட்டுக்குள்ள வர்ற தண்ணியெல்லாம் இப்படி எறங்கியிருக்க வேண்டியதுதானே?"

இன்னொரு குடம் ஊற்றினேன். மறுவாரம் அவள் தன் வாசலிலும் ஒரு பக்கம் சிமெண்டைப் பெயர்த்தாள். வேறு யாரும் செய்யவில்லை.

மழை முடிந்து அதிகாரி வந்தபோது, மரத்தின் கிழக்குப் பக்கம் துளிர்த்திருந்தது. மேற்கே இன்னும் மொட்டைதான். நெடுநேரம் அண்ணாந்து பார்த்தார். நோட்டில் ஏதோ எழுதினார். அடுத்த மழை வரைக்கும் இருக்கட்டும் என்று ஆட்டோக்காரரிடம் சொன்னார். மேற்குப் பக்கமும் துளிர்க்குமா என்று அதிகாரியிடம் கேட்க நினைத்தேன். நான் வாயெடுப்பதற்குள் அவர் தன் வண்டியைக் கிளப்பிவிட்டார்.