பத்து மணி என்று போட்ட கையெழுத்து

அன்று காலை விடுதியில் இருந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர் என்றுதான் நினைத்திருந்தோம். மூன்றாம் மாடியில் நானும் என்னோடு துப்புரவு வேலை பார்க்கும் அக்காவும். கீழே வார்டன் மேடம், எங்கள் சூப்பர்வைசர், கேட்டில் செக்யூரிட்டி. ஆறாவதாக ஒருத்தி இருந்தது எங்களுக்குத் தெரியாது.

இது நடந்து மூன்று வருடம் இருக்கும். பெங்களூரில் ஒரு பல்கலைக்கழகத்தின் பெண்கள் விடுதி அது. செமஸ்டர் லீவு விட்டு, பிள்ளைகள் எல்லாரும் ஊருக்குப் போயிருந்தார்கள். நான் பொம்மனஹள்ளியிலிருந்து வேலைக்குப் போய்வருகிறேன். ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவள். எதற்கெடுத்தாலும் பயம் எனக்கு. கேஸை மூடினேனா என்ற சந்தேகத்தில் பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பிப் போயிருக்கிறேன்.

மூன்றாம் மாடியின் கோடியில் ஒரு குளியலறை இருக்கிறது. எந்தக் காலத்திலோ ஒரு பெண் அதற்குள் செத்துப்போனாளாம். பக்கெட்டை மக்கால் தட்டித் தட்டிக் கூப்பிடுவாளாம். 'யாரு?' என்று பதில் கொடுத்தால் காய்ச்சல் வந்து படுத்துவிடுவோமாம். எந்த வருடம், என்ன பெயர் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. சீனியர் பிள்ளைகள் ஜூனியர்களுக்குச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்காமல் நம்பியது நாங்கள்தான்.

ஒன்பதரை இருக்கும். வராந்தாவைத் துடைத்துக்கொண்டு அந்தக் கோடிக்குப் போனபோது கேட்டது. டக். டக். கொஞ்சம் விட்டு, மறுபடி டக். அக்கா என் தோளைப் பிடித்து இழுத்தாள்.

"வாயத் தொறக்காத. கேட்டும் கேக்காத மாதிரி வந்துடு."

"உள்ள கழுவணுமேக்கா?"

"ஊரே லீவுல போயிருக்கு, யாருடி வந்து பாக்கப்போறாங்க? சும்மனே சைன் போட்டுட்டு வா. உனக்கு ஃபேன் சத்தம் கேட்டாலே குளிர் ஜுரம் வரும்."

குளியலறை வாசலில் ஒரு அட்டை தொங்கும். கழுவி முடித்ததும் நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். உள்ளே போகாமலேயே, கழுவி முடிக்க ஆகும் நேரத்தைக் கணக்குப் போட்டு 'பத்து மணி, சுத்தம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இருவரும் கீழே ஓடி வந்துவிட்டோம்.

கீழ் வேலையை முடித்துவிட்டு, பத்து மணிக்கு மேல் டீ குடிக்க உட்கார்ந்தேன். கையெழுத்துப் போட்டபோது வாசலில் ஒரு ஜோடி செருப்பைப் பார்த்த ஞாபகம் வந்தது. ஊதா நிறம், புதுசு.

"அக்கா, பேய் எதுக்கு செருப்பக் கழட்டி வச்சுட்டுப் போகும்?"

அக்கா டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

மேலே ஓடினோம். இப்போது சத்தம் இல்லை. அதுதான் அதிகமாகப் பயமாக இருந்தது. நான் வாயைத் திறந்து, "யாரும்மா உள்ள?" என்று கத்தினேன். பதில் வரவில்லை. சூப்பர்வைசரும் செக்யூரிட்டியும் வந்து தாழ்ப்பாளைப் பெயர்த்தார்கள். ஒரு பெண் தரையில் கிடந்தாள். காதோரம் ரத்தம், கையருகே மக். விடியற்காலை பஸ்ஸில் ஊரிலிருந்து திரும்பியிருக்கிறாள். அவளை உள்ளே விட்ட நைட் செக்யூரிட்டி டியூட்டி முடிந்து போய்விட்டார்.

ஆம்புலன்ஸில் வந்தவர், விழுந்து எவ்வளவு நேரமாயிற்று என்று கேட்டார். சூப்பர்வைசர் உடனே அட்டையைக் காட்டினார்.

"பத்து மணிக்குக் கழுவியிருக்காங்க சார், சைன் இருக்கு. அப்ப யாரும் இல்ல. இப்ப பத்து நாப்பது. அதிகம் போனா நாப்பது நிமிஷம்."

அக்கா என் புடவை நுனியை இழுத்தாள். வேலை போய்விடும் என்று எனக்கும் தெரியும். வீட்டு வாடகை, மகனின் ஸ்கூல், எல்லாம் ஒரு நொடியில் கண்முன் வந்து போனது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன்.

"நான் உள்ள போகவே இல்ல சார். சும்மா சைன் போட்டேன். ஒன்பதரைக்கே தட்டுற சத்தம் கேட்டுச்சு. பேய்னு நெனச்சு ஓடிட்டேன்."

அவர் என்னைத் திட்டவில்லை. ஒன்பதரைக்கு நினைவு இருந்திருக்கிறது, பிறகு மயங்கியிருக்கிறாள் என்று ஆஸ்பத்திரிக்கு போனில் சொல்லிக்கொண்டே ஸ்ட்ரெச்சரைத் தூக்கினார். அந்த விவரம் தெரிந்ததால்தான் போனவுடனே தலையை ஸ்கேன் எடுத்தார்கள், உள்ளே ரத்தம் கசிந்திருந்தது என்று வார்டன் மேடம் மறுநாள் சொன்னார். சூப்பர்வைசர் என்னை ஒரு வாரம் வேலைக்கு வர வேண்டாம் என்றார். அந்த ஏழு நாளும் நான் சரியாகச் சாப்பிடவில்லை.

இரண்டு மாதம் கழித்து அவள் திரும்பி வந்தாள், தலையில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு. சேலம் பக்கத்துப் பெண். நான் படிக்கட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

"அக்கா, நான் தட்டுனது உங்களுக்குக் கேட்டுச்சாமே?"

"கேட்டுச்சும்மா." துணியை வாளியில் போட்டேன்.

அவள் சிரித்தாள். "கத்த முடியாமத்தான் மக்கால தட்டுனேன். தட்டும்போதே தெரியும்க்கா, யாரும் வர மாட்டாங்கன்னு. அந்தப் பேய்க் கதைய போன வருஷம் ஜூனியர்ஸுக்குச் சொன்னதே நான்தான்."

கதையில் வரும் அந்த முதல் பெண்ணும் இப்படித்தான் தட்டியிருப்பாளோ, யாரோ கேட்டுவிட்டு ஓடியிருப்பார்களோ என்று எனக்குத் தோன்றியது.

பயம் என்னை விட்டுப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இன்றும் அந்தக் கோடிக்குப் போகும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளத்தான் செய்கிறது, ஆனால் உள்ளே ஒருத்தி கூப்பிட்டு, நான் கேட்காமல் போய்விடுவேனோ என்கிற பயம் பேய்ப் பயத்தைவிடப் பெரிதாகிவிட்டதால், கதவைத் திறந்து, "யாராவது இருக்கீங்களா?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுக்கிறேன்.