கெட்ட சீட்டு இல்லாத பெட்டி

சீனப் புத்தாண்டு முடிந்த கையோடு எங்கள் வீட்டுக்காரர் லிம் அங்கிள் ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழங்களோடு வந்து நிற்பார். மலாய் நாட்டுக் கெலுகோரில் நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடு அவருடையது. குடியிருப்பவர்களுக்கு வீட்டுக்காரர் பழம் கொண்டுவந்து கொடுப்பது என் சொந்த ஊர் பாளையங்கோட்டையில் நான் கேள்விப்படாத அதிசயம். போன வருடம் வந்தவர், எங்கள் கூடத்து அலமாரியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதன்மேல் வருடத்துக்கு ஒன்றாக எங்கள் வாக்குத்தத்த அட்டைகள் கண்ணாடிச் சட்டத்துக்குள் வரிசையாகச் சாய்ந்து நின்றன. எப்படியும் காலி செய்யப்போகிற வீடு என்று நான் ஆணிகூட அடித்ததில்லை. இவை என்ன என்று அவர் கேட்டதும், சாட்சி சொல்ல வாய்ப்புக் கிடைத்ததென்று எனக்கு ஒரே உற்சாகம். புத்தாண்டு ஆராதனையில் வசனம் அச்சிட்ட அட்டைகளைப் பெட்டியில் வைத்திருப்பார்கள், ஜெபித்துவிட்டுப் பார்க்காமல் ஒன்றை எடுப்போம், அதுவே அந்த வருடத்துக்கு ஆண்டவர் நமக்குத் தரும் வாக்கு என்று ஆங்கிலமும் அரைகுறை மலாயும் கலந்து விளக்கினேன். அங்கிளின் முகம் மலர்ந்தது. அவர்கள் சீனக் கோயிலிலும் இதே வழக்கமாம். மூங்கில் குவளையைக் குலுக்கி ஒரு குச்சியை விழவைத்து, அதிலிருக்கும் எண்ணுக்குரிய சீட்டை வாங்கிப் படிப்பார்களாம்.

“கெட்ட சீட்டு வந்தா என்ன செய்வீங்க?” என்று அக்கறையாகக் கேட்டார்.

“எங்க பெட்டியில கெட்டதே இருக்காது அங்கிள்.”

“கெட்டதே இல்லையா? எங்க கோயில்ல கெட்டதும் வரும். உங்க சர்ச் ரொம்ப நல்ல சர்ச் லா!”

இந்த ஊர்க்காரர்கள் பேச்சின் வாலில் ஒட்டும் ‘லா’வோடு மனதாரப் பாராட்டிவிட்டு அவர் போய்விட்டார். எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை. ஒருமுறை அந்தக் கோயில் வாசலில் நின்று, குவளை குலுக்குகிறவர்களைப் பார்த்து ‘பாவம், குறி கேட்டு வாழ்கிற ஜனம்’ என்று உச்சுக்கொட்டியவன் நான். அவர் எங்களைக் கேலி செய்திருந்தால் பதிலுக்கு வாதாடியிருப்பேன். பாராட்டியவரிடம் என்னத்தை வாதாடுவது?

அம்மா இதைக் கேட்டால் வரிந்துகட்டிக்கொண்டு வந்திருப்பாள். பாளையங்கோட்டையில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள், ஞாயிறு பள்ளியும் நடத்தியவள். வேதத்தை ஆதி முதல் அந்தம் வரை திரும்பத் திரும்பப் படித்தவள். ஆனாலும் அட்டை விஷயத்தில் அவளுக்கென்று தனிச் சட்டம் இருந்தது. ஆராதனை முடிந்து, புதுச் சட்டை மொறமொறக்க வரிசையில் நின்று நாங்கள் அட்டை எடுப்போம். உபத்திரவம், பொறுமை என்று ஏதாவது தலைகாட்டினால், “இது கை தவறி வந்துட்டு, வேற எடு” என்று வாங்கித் திரும்பப் போட்டுவிடுவாள். சபையில் பாதிப் பேர் அப்படித்தான் செய்தார்கள், யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. நான் இந்த ஊருக்கு வந்தபிறகு என் பங்குக்கும் என் மனைவி சுகிர்தாவின் பங்குக்கும் அவளே எடுத்துத் தபாலில் அனுப்புகிறாள். எத்தனை முறை திரும்பப் போட்டு எடுத்தாள் என்று நாங்கள் கேட்பதில்லை.

இங்கே பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை கிடைத்து நான் கிளம்பிய வருடம் வந்தது எரேமியா தீர்க்கதரிசியின் வசனம். உங்களைக் குறித்து நான் நினைப்பது தீமையை அல்ல, சமாதானத்தையே, நீங்கள் எதிர்பார்க்கும் முடிவைத் தருவேன் என்று கர்த்தர் சொல்லுகிற இடம். “எதிர்பாக்க முடிவுன்னா என்னல? நீ நல்லபடியா திரும்பி வாரதுதான். ஆண்டவரே சொல்லிட்டாருல்லா” என்று அம்மா பொருளும் சொல்லி அனுப்பினாள். அன்றிலிருந்து ‘அடுத்த வருஷம் போயிருவோம்’ என்பது எங்கள் வீட்டின் விசுவாசப் பிரமாணம் ஆகிவிட்டது. சுகிர்தாவின் கல்யாணப் பாத்திரங்கள் அட்டைப்பெட்டிகளிலேயே கிடந்தன. பின்கட்டில் ஒரு துண்டு மண் இருக்கிறது. முருங்கை வைப்போமா என்று அவள் கேட்கும்போதெல்லாம், “காய்க்கிற வரைக்குமா இங்க இருக்கப்போறோம்?” என்று வாயை அடைத்துவிடுவேன். பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண் தையல் பழகக் கூப்பிட்டபோதும், போகிறவர்களுக்கு எதற்குப் புதுப் பழக்கம் என்று அவள் இருந்துவிட்டாள். ரயில் வராத நடைமேடையில் உட்கார்ந்திருப்பது போலத்தான் அவள் வாழ்ந்தாள். இதற்கிடையில் என் வேலை ஒப்பந்தத்தை நீண்ட காலத்துக்கு நீட்டித் தருவதாக நிறுவனம் சொன்னது. வசனத்தை நம்பி நான் பதில் சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தேன்.

அங்கிளின் பாராட்டு உறுத்திக்கொண்டிருந்த அந்த வாரம்தான் வீட்டு ஜெபக்கூட்டத்தில் வசனம் சொல்ல என் முறை. என்னோடு வேலை செய்யும் டேனியல் அண்ணன் வீட்டில் கூடுவோம். அவரும் அவர் மனைவி ரூத் அக்காவும் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர்கள். உறுத்தலைத் தள்ளிவிட வேண்டும் என்றே, எரேமியாவின் வசனத்தை எடுத்து, கர்த்தர் எங்களைச் சீக்கிரம் ஊருக்குக் கொண்டுபோகப் போகிறார் என்று உரத்த குரலில் சாட்சி சொன்னேன். அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. வசனம் சொல்கிறவர் அந்த அதிகாரம் முழுவதையும் வாசித்துவிட்டுத்தான் உட்காரவேண்டும்.

“தம்பி, மேல இருந்து வாங்க. பாதியில எடுத்தா கதை புரியாது லா” என்றார் ரூத் அக்கா.

வாசித்தேன். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன தம் ஜனத்துக்குத் தீர்க்கதரிசி எழுதி அனுப்பியது அது. சீக்கிரம் திரும்பிவிடுவீர்கள் என்று சொல்கிறவர்களின் பேச்சுக்கு மயங்காதீர்கள். வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள். நான் உங்களை அனுப்பிய பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அதற்காக ஜெபியுங்கள், அதன் சமாதானத்தில்தான் உங்கள் சமாதானம் இருக்கிறது. எழுபது வருடம் கழித்துத்தான் திரும்புவீர்கள். இவ்வளவும் சொன்ன பிறகுதான் என் அட்டை வசனம் வந்தது. தோட்டம் என்ற இடத்தில் சுகிர்தா என்னைப் பார்த்த பார்வையை ஆயுசுக்கும் மறக்கமாட்டேன்.

முதலில் பேசியவர் டேனியல் அண்ணன்தான். “என்ன தம்பி, இத்தனை வருஷமா நீங்க பாபிலோன்னு நெனச்சிக்கிட்டு இருந்தது நாங்க பொறந்த ஊரு லா!” என்றார். கூடம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கத்தைவிட நிம்மதி அதிகமாக இருந்தது, அதுதான் ஆச்சரியம்.

அதன்பின் நாட்கணக்கில் யோசித்தேன். நான் ஆண்டவரை நம்பினேனா, இல்லை, அவர் எனக்குத் தந்ததாக நானே வெட்டி எடுத்துக்கொண்ட ஒரு வரியை நம்பினேனா? பெட்டியிலிருந்து கெட்ட சீட்டு வராமல் பார்த்துக்கொண்டது நாங்கள்தான். வேதத்தில் கண்டிப்பு உண்டு, காத்திருப்பு உண்டு, பிடிக்காத பதிலும் உண்டு. அவற்றையெல்லாம் கழித்துவிட்டு மிச்சத்தைச் சட்டம் போட்டு வைத்துக்கொண்டு அதை விசுவாசம் என்றேன். இப்போது நானும் சுகிர்தாவும் காலையில் ஒரு அதிகாரத்தை முழுதாக வாசிக்கிறோம். பிடித்த வரியைக் கோடு போட்டுவிட்டுப் பிடிக்காத வரியைத் தாண்டிப் போகக்கூடாது என்பது அவள் போட்ட சட்டம். முன்பைவிடக் கேள்விகள் அதிகம், பயம் குறைவு. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். பாத்திரங்கள் அடுக்களைக்கு வந்தன. ரூத் அக்கா வீட்டு மரத்திலிருந்து ஒரு முருங்கைப் போத்து வெட்டிவந்து சுகிர்தா பின்கட்டில் நட்டாள்.

அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை. நான் சரியாக வாசித்துக்கொண்ட வசனம் அவளுக்கு மகன் திரும்பி வருவான் என்ற வாக்கு அல்லவா? அதை அவள் கையிலிருந்து எப்படிப் பிடுங்குவது? மாதங்கள் இப்படியே ஓடி, இந்தப் புத்தாண்டுக் காலையும் வந்துவிட்டது. கைபேசித் திரையில் புது அட்டையோடு அம்மா தோன்றினாள்.

“அம்மா, அட்டை இருக்கட்டும். அந்தப் பழைய வசனத்தோட அதிகாரத்தை முழுசா வாசிங்களேன்” என்றேன்.

ஞாயிறு பள்ளிக் குரலில் தொடங்கினாள். வீடு கட்டுங்கள் என்ற இடத்தில் வேகம் குறைந்தது. எழுபது வருடம் என்ற இடத்தில் நின்றுவிட்டாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். எதற்காக வாசிக்கச் சொன்னேன் என்று அவளுக்கு விளக்கவேண்டியிருக்கவில்லை.

“எத்தன தடவ வாசிச்சிருக்கேன்ல இத. உனக்குன்னு வாசிக்கல” என்றாள். பிறகு, “முருங்க ஏதும் வச்சிருக்கியளா?” என்று கேட்டாள்.

“பூ விட்டிருக்கு அத்தை” என்றாள் சுகிர்தா.

“சரி, ஜெபிப்போம்.”

அம்மாவின் ஜெபம் எனக்கு மனப்பாடம். என் பிள்ளையைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேரும் என்றுதான் ஒவ்வொரு முறையும் முடிப்பாள். இந்த முறை அந்த இடத்துக்கு வந்தவள் அந்த வரியைச் சொல்லவில்லை. அங்கே அவள் வாசலில் கீரைக்காரி கூவுவதும், இங்கே எங்கள் தெருவில் ரொட்டிக்காரரின் மோட்டார் சைக்கிள் மணியும் ஒன்றாகக் கேட்டன.

“ஆண்டவரே, பிள்ளைகள் இருக்க பட்டணத்துக்குச் சமாதானம் தாரும். அவங்க ஊரு நல்லா இருக்கட்டும்.”

நான் கேட்க விரும்பிய ஜெபம்தான் அது. சுகிர்தா உடனே ஆமென் சொன்னாள். இதை ‘அவங்க ஊரு’ என்று அம்மாவே சொல்லிவிட்ட பிறகு, எனக்கு அந்தச் சொல் வரக் கொஞ்சம் நேரமாயிற்று.