பீர்க்கன்கரணையிலிருந்து பிரசவ அறைக்கு: தங்கையோடு ஒரு காலை

ஏலகிரிப் பயணத்தை எப்போது எழுதுவீர்கள் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அதை எழுதும் மனநிலை இப்போது இல்லை. இது என் வீட்டிலிருந்து இருபது கிலோமீட்டர்கூட வராத ஒரு பயணம். பொங்கலுக்கு முந்தைய வாரம் என் தங்கை ஜெபாவை அவள் வேலை பார்க்கும் மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மாதப் பரிசோதனைக்கோ பிரசவத்துக்கோ அந்தப் பக்கம் போகிறவர்கள் நிறையப் பேர் இருப்பதால் வழியையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஜெபா நர்ஸ். மேடவாக்கத்தைத் தாண்டி ஓர் உள்தெருவில் இருக்கும் சின்ன தனியார் மருத்துவமனையில், பிரசவ அறையில் வேலை. மருத்துவமனையின் பெயரைச் சொல்ல மாட்டேன். வேலைக்குச் சேரும்போதே அவளுடைய ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஒப்பந்தக் காலம் முடிந்தால்தான் கைக்கு வரும். அது முடிய இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. இல்லையென்றால் அவள் அந்த வாசலை மறுபடி மிதித்திருக்க மாட்டாள்.

முந்தின நாள் சாயங்காலம் போன் செய்து, "அக்கா, நாளைக்கு என்கூட வரியா? உள்ள வர வேணாம், கேட் வரைக்கும் போதும்," என்றாள். அவள் கணவருக்கு ஒரகடத்தில் ஃபேக்டரி வேலை, அந்த வாரம் காலை ஷிஃப்ட். நான் பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டேன்.

ஆறே காலுக்குப் பீர்க்கன்கரணையிலிருந்து கிளம்பினோம். பெருங்களத்தூர் ரயில் நிலையத்துக்கு நடந்தே போய்விடலாம். பண்டிகை நாட்களில் ஜி.எஸ்.டி. சாலையில் பஸ்ஸுக்கு நிற்காதீர்கள். ஊருக்குப் போகிறவர்கள் மூட்டை முடிச்சுகளோடு பாதிச் சாலையை அடைத்துக்கொண்டு நிற்பார்கள். மின்சார ரயிலில் தாம்பரத்துக்கு ஐந்து ரூபாய்தான், அடுத்த நிலையமே அதுதான்.

வயிற்றில் குழந்தையோடு எட்டாம் மாதம் வரை இதே வழியில்தான் ஜெபா போய்வந்தாள். யாராவது எழுந்து இடம் கொடுத்தார்களா என்று கேட்டேன். சில நாள் கொடுப்பார்கள் என்றாள். யூனிஃபார்மில் இருந்தால் கொடுப்பது குறைவாம். நர்ஸ்தானே, நின்று பழகியிருப்பாள் என்று நினைப்பார்கள் போலிருக்கிறது.

தாம்பரத்தில் இறங்கிக் கிழக்குப் பக்கம் வர வேண்டும். படிகள் அதிகம். கர்ப்பிணிகள் நிதானமாக ஏறுங்கள், பின்னாலிருந்து இடிக்கிறவர்கள் இடித்துக்கொண்டேதான் இருப்பார்கள். வேளச்சேரி போகும் பஸ்கள் மேடவாக்கம் வழியாகத்தான் போகும். சாதாரணப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம். பின் சீட்டில் உட்காராதீர்கள். கேம்ப் ரோடு தாண்டியதும் சாலை உங்கள் இடுப்பைப் பதம் பார்த்துவிடும்.

பஸ் ராஜகீழ்ப்பாக்கம் தாண்டுவதற்குள் ஜெபாவுக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எட்டாம் மாதத்தில் ஒரு நாள் காலை டியூட்டியில் இருந்தபோது குழந்தையின் அசைவு குறைந்திருப்பதாக அவளுக்குத் தோன்றியது. அவளே கருவியை வைத்துக் கேட்டாள். இதயத்துடிப்பு இருந்தது. ஆனால் அது மட்டும் போதாது, மானிட்டரில் அரை மணி நேரம் படுத்துப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்கு இரண்டு பேர் செய்ய வேண்டிய வேலைக்கு அவள் ஒருத்திதான். உள்ளே வலியில் இரண்டு பெண்கள். நர்சிங் சூப்பரின்டெண்டிடம் சொன்னாள். இந்தக் கேஸ் முடியட்டும், பிறகு படுத்துக்கொள் என்றார் அவர். ஒரு கேஸ் முடிந்தது, அடுத்தது தொடங்கியது. இரண்டு குழந்தைகளையும் துடைத்து, தாய்மார்களின் மார்பில் போட்டு, பால் குடிக்க வைத்துவிட்டு அவள் மானிட்டரில் படுத்தபோது சாயங்காலம். அப்போது ஒரு சத்தமும் கேட்கவில்லை.

பெண் குழந்தை. அதே பிரசவ அறையில்தான் பிறந்தாள்.

மூன்றாம் நாள் ஜெபாவுக்குப் பால் கட்டிக்கொண்டது. குழந்தையை இழந்த எத்தனையோ தாய்மார்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன செய்ய வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தவள் அவள். என் வீட்டுக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அதையெல்லாம் தனக்குத்தானே செய்துகொண்டாள். வெளியே துண்டோடு நின்றதைத் தவிர நான் வேறொன்றும் செய்யவில்லை.

பிறகு நான் அந்த மருத்துவமனைக்குப் போய்க் கேட்டேன். காலையில் சொன்னவளை ஏன் சாயங்காலம் வரை யாரும் பார்க்கவில்லை என்று. சூப்பரின்டெண்ட் கோபப்படவே இல்லை. எனக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். "ஸ்டாஃபா இருந்தாலும் ஓ.பி. சீட்டு போட்டாதான் மேடம் பேஷன்ட். அவங்க போடல," என்றார்.

சட்டப்படி அவளுக்குப் பல மாத விடுப்பு உண்டு என்று படித்தவர்கள் சொன்னார்கள். குழந்தைதான் இல்லையே, ஆறு வாரம் போதாதா என்று நிர்வாகம் கேட்டது. வராவிட்டால் சான்றிதழ் விஷயம் சிக்கலாகும் என்றும் சொல்லிவிட்டது. ஆறு வாரம் முடிந்து அவள் வேலைக்குத் திரும்பும் முதல் நாள்தான் இது.

மேடவாக்கத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தோம். தலைக்கு இருபது ரூபாய். கேட்டுக்கு முன்னால் நின்று ஜெபா புடவையைச் சரிசெய்துகொண்டாள். புறநோயாளிப் பிரிவிலோ மருந்துப் பிரிவிலோ போடச் சொல்லி ஒரு வாரம் முன்பே கேட்டிருந்தாள். உள்ளே போன ஐந்தாவது நிமிடம் எனக்குச் செய்தி அனுப்பினாள்: 'பிரசவ அறைதான்.'

நான் வீட்டுக்குத் திரும்பவில்லை. கீழே பார்வையாளர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். எனக்குப் பக்கத்தில் ஓர் இளைஞன் காக்கிச் சட்டையில், கால் தரையில் நிற்காமல் உட்கார்ந்திருந்தான். பெயர் தினேஷ், ஆட்டோ ஓட்டுகிறான். பெரும்பாக்கம் குடியிருப்பில் எட்டாவது மாடி. லிஃப்ட் ஓடாததால் மனைவி ரேவதியைப் படியில் உட்கார வைத்து உட்கார வைத்து இறக்கியிருக்கிறான். பிரசவத்துக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்ததாம். பிறகு ஏன் இன்றைக்கு என்று கேட்டேன்.

"கொயந்த அசையறது கம்மியா கீதுன்னா. இங்க ஜெபா சிஸ்டர்னு ஒருத்தங்க, செக்கப்புக்கு வரப்பல்லாம் சொல்லிகினே இருப்பாங்க. அசைவு கம்மியானா சோறு கூட துன்னாத, நேரா ஓடியான்னு. அதான் இட்டாந்துட்டேன்."

அவள் என் தங்கை என்று நான் அவனிடம் சொல்லவில்லை.

ரேவதியின் அம்மா மாடிப்படிக்கும் கேட்டுக்கும் நடந்துகொண்டிருந்தார். ஜெபா இரண்டு முறை வெளியே வந்தாள். அந்த அம்மாவை உட்கார வைத்து, உள்ளே என்ன நடக்கிறது, இனி என்ன நடக்கும், ரேவதி எப்படி இருக்கிறாள் என்றெல்லாம் சொன்னாள். டாக்டர் அறுவை சிகிச்சை என்று முடிவு செய்தபோதும் வந்து சொன்னது அவள்தான். கையெழுத்து வாங்கும் முன் தினேஷ் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நன்றாக வேலை தெரிந்த நர்ஸின் முகம். அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

பத்தரை மணிக்குப் பையன் பிறந்தான். கொடி கழுத்தைச் சுற்றியிருந்ததாம். ஜெபா துணியில் சுற்றி எடுத்துவந்து தினேஷ் கையில் கொடுத்து, தலையை எப்படித் தாங்க வேண்டும் என்று அவன் முழங்கையை மடக்கிக் காட்டினாள். அவன் அழுதான். அழுதுகொண்டே, முழு மனதோடு கேட்டான்.

"சிஸ்டர், நீங்களும் அப்போ மாசமா இருந்தீங்கல்ல. உங்களுக்கு இன்னா கொயந்த?"

"பொண்ணு," என்றாள் ஜெபா. அவன் சிரிக்க ஆரம்பிப்பதற்குள், "தங்கலண்ணா," என்று சொல்லிவிட்டு, குழந்தைக்குச் சளி பிடிக்கும், கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

இரண்டு மணிக்கு ஷிஃப்ட் முடிந்தும் மூன்றுக்குத்தான் வந்தாள். திரும்பும் பஸ்ஸில் காரணம் சொன்னாள். கலை என்று இன்னொரு நர்ஸ், அவளுக்கு எட்டாம் மாதம் தொடங்கியிருக்கிறது. மதிய இடைவேளையில் ஜெபா அவளை மானிட்டரில் படுக்க வைத்திருக்கிறாள். சூப்பரின்டெண்ட் வந்து சீட்டு எங்கே என்று கேட்டிருக்கிறார்.

"என் பேர்ல போட்டுக்கோங்க மேடம்னு சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

"மெமோ குடுத்தாங்க. அதுக்கு விளக்கம் எழுதத்தான் லேட்டு."

கலையின் குழந்தைக்கு ஒன்றுமில்லை, துடிப்பு நன்றாக இருக்கிறது என்றாள். அதன் பிறகு வேங்கைவாசல் வந்ததும் என் தோளில் சாய்ந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன். என் ரவிக்கை நனைந்த பிறகுதான் தெரிந்தது.

இது நடந்து மூன்று வாரமாகிறது. அந்த மாதச் சம்பளத்தில் மானிட்டர் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஜெபா இன்னும் பிரசவ அறையில்தான் இருக்கிறாள். ஒரு வக்கீலைப் பார்த்தோம். வழக்குப் போடலாம், சான்றிதழ் கைக்கு வந்தபின் போடுங்கள் என்றார். நாங்களும் காத்திருக்கிறோம்.

இனி, போகிறவர்களுக்கு. காலை ஏழுக்குள் தாம்பரத்தைத் தாண்டிவிடுங்கள். மேடவாக்கம் சந்திப்பு எட்டுக்கு மேல் நகராது. தண்ணீரும் ஏதாவது தின்பண்டமும் கையில் இருக்கட்டும். குழந்தையின் அசைவு குறைந்தால் அடுத்த வேளைச் சாப்பாட்டுக்குக் காத்திருக்காதீர்கள், வீட்டில் யார் என்ன சொன்னாலும் உடனே கிளம்புங்கள்.

மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும்போது ஏ.சி. அறை இருக்கிறதா, கார் நிறுத்த இடம் இருக்கிறதா என்றெல்லாம் கேட்கிறோம். ஒரு ஷிஃப்டில் பிரசவ அறையில் எத்தனை நர்ஸ்கள் என்று யாரும் கேட்பதில்லை. போன வாரம் என்னோடு வேலை பார்க்கும் ஆசிரியை ஒருத்திக்காக இந்தப் பக்கத்திலேயே வேறொரு பெரிய மருத்துவமனைக்குப் போயிருந்தேன். வரவேற்பில் இருந்த பெண்ணிடம் அதைத்தான் முதலில் கேட்டேன். அவள் அறை வாடகை அச்சிட்ட அட்டையை எடுத்து நீட்டினாள்.