தலைவர் கையெழுத்துப் போடவில்லை

இரண்டு வாரத்துக்கு முன்பு ஒரு சனிக்கிழமை, வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டேன். திட்டாதீர்கள். பன்னிரண்டு வருடமாக அப்படித்தான் போடுகிறேன்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எங்கள் சங்கம் ஒரு பகல் நேர மையம் நடத்துகிறது. மூளை வளர்ச்சி சற்றுத் தாமதப்பட்டவர்கள், ஆட்டிசம் உள்ளவர்கள் என்று இருபது பேர் வருகிறார்கள். எல்லோரும் வளர்ந்தவர்கள். காகிதப் பை செய்கிறார்கள், சமைக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள். நான் நிர்வாகக் குழுவில் ஒரு ஆள்.

குழு கூடினால் கடைசியில் மினிட்ஸ் நோட்டு சுற்றி வரும். வெற்றுப் பக்கத்தின் அடியில் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டு பஜ்ஜி சாப்பிடுவோம். செயலாளர் அருளப்பன் சார் — ரிட்டையர்டு தலைமை ஆசிரியர், முத்து முத்தான கையெழுத்து — வீட்டுக்குப் போய் மேலே தீர்மானத்தை எழுதிக்கொள்வார். உங்கள் சங்கத்தில் மட்டும் என்ன வாழ்கிறதாம்?

அன்றைக்கும் நோட்டு சுற்றியது. புதுத் தலைவரிடம் வந்து நின்றுவிட்டது.

புதுத் தலைவர் செல்வராணி. முப்பத்தாறு வயது. மையத்துக்கு வருகிற இருபது பேரில் ஒருவர். எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். வடமதுரையிலிருந்து தனியாக பஸ்ஸில் வருவார். அதைப் பழகவே ஒரு வருடம் ஆனது. ‘அவர்களுக்கான சங்கத்துக்கு அவர்களில் ஒருவரே தலைவராக இருக்கட்டுமே’ என்று போன கூட்டத்தில்தான் தேர்ந்தெடுத்தோம். மாலை போட்டு, போட்டோ எடுத்து... ஒரே பெருமை.

“என்னா சார், இதுல ஒண்ணுமே எழுதலையே?” என்றார் செல்வராணி.

“அப்புறம் எழுதிக்கிருவேம்மா. நீ போடு.”

“எழுதுங்க. போடுறேன்.”

“இம்புட்டு பேரும் போட்டுட்டாகள்ல?”

“எங்க சித்தப்பா ஒருக்க வெறும் பேப்பர்ல எங்கிட்ட கையெழுத்து வாங்குனாரு. எங்க காடு போயிருச்சு.”

யாரும் பஜ்ஜியைத் தொடவில்லை.

அருளப்பன் சார் முகம் சிவக்க, எழுத ஆரம்பித்தார். எழுதியதை வாசித்தார். “மெதுவா” என்றார் தலைவர். மறுபடி வாசித்தார். “இன்னொருக்க.” மூன்றாவது தடவைதான் எனக்கே உறைத்தது.

கன்னிவாடிப் பக்கம் ஒருவர் தன் மாந்தோப்புக் கட்டடத்தைச் சங்கத்துக்குத் தருகிறார். அது தெரியும். வாட்ஸப்பில் கட்டைவிரல் காட்டியவர்களில் நானும் உண்டு. ஆனால், மையத்தையே அங்கே மாற்றி, எல்லோரையும் அங்கேயே தங்க வைக்கப் போகிறோம் என்பது? சத்தியமாக நான் யோசிக்கவே இல்லை.

“அங்க பஸ் போகுமா சார்?”

“மெயின் ரோட்ல இருந்து மூணு கிலோமீட்டர் உள்ள. பஸ் எதுக்கும்மா? அங்கேயே தங்கிக்கிரலாம். நல்ல காத்து, அமைதி...”

“வீட்டுக்கு?”

“மாசம் ஒருக்க போகலாம்.”

செல்வராணி நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு கேட்டார்: “நீங்க அங்க தங்குவீகளா சார்?”

கிண்டல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அருளப்பன் சார் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். எனக்கு வெட்கமாக இருந்தது.

“இருவது பேருகிட்டயும் கேட்டுட்டு வாரேன். அப்புறம் கையெழுத்து” என்று நோட்டை மூடினார் தலைவர்.

“ஏம்மா, தோப்புக்காரரு நாளைக்கு வெளிநாடு கெளம்புறாரு! இன்னைக்கே தீர்மானம் வேணும்னு நிக்கிறாரு!”

“போயிட்டு வரட்டும்.”

திங்கட்கிழமை மையத்தில் தலைவர் இரண்டு டப்பா வைத்தார். ஒன்றில் பஸ் படம், இன்னொன்றில் கட்டில் படம். ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை. பேசவே பேசாத ஒரு தம்பி, கால் மணி நேரம் நின்று யோசித்துவிட்டுப் போட்டான். தலைவர் அவனை அவசரப்படுத்தவில்லை. நாங்களாக இருந்தால்? நாங்களே போட்டிருப்போம்.

பஸ்ஸில் பதினேழு, கட்டிலில் மூன்று.

‘சரி, ஜெயித்தாச்சு’ என்று நான் எழுந்தேன். “செத்த இருங்கக்கா” என்றார். அந்த மூன்று பேரையும் உட்கார வைத்து விசாரித்தார். ஒருத்திக்கு அம்மா இறந்துவிட்டார். அண்ணன் வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை. மற்ற இருவருக்கும் ஏறக்குறைய இதே கதை. பத்து வருடமாக இவர்களைப் பார்க்கிறேன், எனக்குத் தெரியாது!

அடுத்த கூட்டத்தில் தீர்மானம் இப்படி: மையம் இங்கேதான். தங்க இடம் தேவைப்படும் மூன்று பேருக்கு டவுனிலேயே வீடு பார்ப்பது. மூன்று முறை வாசிக்கப்பட்டு, தலைவர் கையெழுத்திட்டார்.

மாந்தோப்புக்காரர் கோபித்துக்கொண்டார். கட்டடம் கை நழுவிவிட்டது. வீடு இன்னும் கிடைக்கவில்லை; தினமும் நான்கு மணிக்கு மேல் தலைவர் தெருத் தெருவாக விசாரிக்கிறார். துணைக்கு அலைவது யார் தெரியுமா? அருளப்பன் சார். “விட மாட்டேங்குதும்மா இந்தப் புள்ள” என்று என்னிடம் புலம்பினார், குடையை எடுத்துக்கொண்டே.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். செல்வராணியைத் தலைவராக்கினால் சங்கத்துக்கு நல்ல பெயர் வரும் என்று நினைத்தோம்... அவர் தலைவராகவே நடந்துகொள்வார் என்று எங்களில் ஒருவரும் நினைக்கவில்லை!