இருமல் இல்லாத பாட்டு

கோலார் தங்கச் சுரங்கத்தில் நுரையீரலைத் தொலைத்துவிட்டு காக்ஸ் டவுனுக்கு வந்த அப்பா, சர்ச்சில் பாடுவதை மட்டும் விடவில்லை. படுக்கையில் விழுந்த பிறகும் பாடிய அவர் பாட்டைப் பதிவு செய்ய ஒரு சின்ன ரெக்கார்டர் போதும், கட்டிலருகே வைத்துவிடலாம் என்றேன். அண்ணன் கேட்கவில்லை.

“கம்ப்யூட்டர்ல பண்ணா இருமலெல்லாம் வெட்டிடலாம்டா. ரெக்கார்டர்ல அப்படியே நின்னுடும்.”

ஐ.டி. கம்பெனிக்காரன், அவனிடம் யார் பேசி ஜெயிப்பது? கம்ப்யூட்டரில் மைக்கைச் சொருகிப் பதிந்தான். இருமலை வெட்டினான். நடுநடுவே இழுத்த மூச்சையும் வெட்டினான். வெட்டியதை வைத்துக்கொள்ள அவனுக்குத் தோன்றவில்லை.

அப்பாவை அடக்கம் செய்த வாரம் அந்தப் பாட்டைப் போட்டான். வழுவழுவென்று ஓடியது. அம்மா கடைசிவரை கேட்டுவிட்டு அவனைப் பார்த்தாள்.

“என்னடா இது, ஒரு எடத்துலகூட உங்கப்பா மூச்சே விடலியே?”