பைனாகுலர் பட்டையும் தாலிக்கொடியும்

மெல்பர்னிலிருந்து மலைப்பக்கம் போகும் சாலையில் ஒரு பெட்ரோல் நிலையம். காபியோடு வெளியே வருகிறேன். பக்கத்துக் காரருகே ஒரு தம்பதி தமிழில் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். பேச்சுக் கொடுக்கிறேன். மெல்பர்னின் புறநகரான ரோவில்காரர்கள். மான் வேட்டைக்குப் போவது மனைவி வாசுகிதான்; மருத்துவமனையில் தாதி. கணவர் ரஞ்சன் கார் ஓட்டுவதோடு சரி, காட்டுக்குள் நுழைவதில்லை.

வாசுகியின் கையில் புதிய மார்புப் பட்டை. பைனாகுலரை நெஞ்சோடு சேர்த்துப் பிடிக்கும் பை அதில் இருக்கிறது. கழுத்தில் தொங்கவிட்டபோது பைனாகுலர் தாலியில் தட்டிய சத்தத்துக்கே போன தடவை மான் ஓடிவிட்டதாம். பட்டையை இறுக்கினாலோ தாலி நெஞ்செலும்பில் குத்துகிறது.

"கழட்டி கார்ல வெச்சுட்டுப் போகலாமே?" என்கிறேன்.

"கட்டின நாளிலயிருந்து நான் இதைக் கழட்டினதில்லை. ஆள் உயிரோட இருக்கேக்க காருக்குள்ள போட்டுட்டுப் போறதோ?"

"அப்ப அந்த ஆளின்ர கழுத்திலயே போட்டு விடும்," என்கிறார் ரஞ்சன்.

வாசுகி சிரிக்கவில்லை. கொடியைத் தலைவழியாகக் கழற்றுகிறார். ரஞ்சன் குனிந்து கொடுக்கிறார். கொடி அவர் கழுத்தில் விழுகிறது. ஜாக்கெட்டின் சிப்பை வாசுகியே தாடைவரை இழுத்து மூடுகிறார். ரஞ்சன் அவருக்குப் பின்னால் போய்ப் பட்டையின் வார்களை இறுக்குகிறார்.

"குத்துதோ?"

"இல்லை. நான் வரும்வரைக்கும் நீங்கள் காரை விட்டு இறங்கப்படாது."

"ஓம்," என்கிறார் ரஞ்சன், மிகுந்த பணிவோடு.