கறுப்பியும் நானும் பாடிய அரசர்கள்

தொண்ணூறுகளின் கடைசியில் நான் யாங்கோனில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் டைப்பிஸ்ட். என் குரல் ஆண்குரல் போலக் கனத்தது. டெலிபோனை எடுத்தால் எதிர்முனையில் ‘ஊலே’ என்பார்கள். பர்மியத்தில் மாமா என்று அர்த்தம். எங்கள் தின்கன்ஜூன் பேட்டைக் கோயில் பஜனையில்கூட வாயை மட்டும்தான் அசைப்பேன்.

ஆபீசுக்கு வந்துபோன ஓர் இத்தாலிய அம்மாள், உள்ளூர்க்காரர்களைச் சேர்த்து, தம் நாட்டுப் பழைய இசைநாடகப் பாட்டுகளைக் கச்சேரியாக நடத்தவிருந்தார். நான் டெலிபோனில் பேசுவதைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டார். பாட வரச்சொன்னார். இந்தக் குரலோடு மேடையா என்று மறுத்தேன்.

அப்போதுதான் ஒரு பாடகியைப் பற்றிச் சொன்னார். இருநூற்றைம்பது வருஷங்களுக்கு முன்பு இத்தாலியில் புகழ்பெற்றிருந்தவள். பிறந்தது ஃபிளாரன்ஸ். அப்பா ஆப்பிரிக்க வேலைக்காரர் என்பார்கள். ஊர் அவளைக் ‘கறுப்பி’ என்றே கூப்பிட்டது. குரலும் கனம். அதை அவள் ஒளிக்கவில்லை. அரசன், தளபதி என்று ஆண்வேஷம் கட்டி மேடையேறினாள். நேப்பிள்ஸ், மாட்ரிட், வியன்னா என்று ஊர் ஊராக அவளை அழைத்தார்கள். கடைசியில் வியன்னாவிலேயே தங்கி, பாட்டுச் சொல்லிக்கொடுத்து, செல்வாக்கோடு வாழ்ந்து முடித்தாள்.

“உனக்கும் அரசன் பாட்டுத்தான் வைத்திருக்கிறேன்” என்றார் அந்த அம்மாள்.

மறுநாளே ஒத்திகைக்குப் போனேன். இத்தாலிய வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதி, சமையலறையில் பாடிப் பழகினேன்.

“எந்த ஆம்பளை பாடுறதுன்னு பக்கத்து வீட்ல கேக்குறாங்க. எங்க வீட்டம்மான்னு சொல்லிட்டேன்” என்றார் என் கணவர். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

கச்சேரி மாலையில் என் முறை வந்த சமயம் கரண்டு போனது. பியானோ வாசித்த பர்மியப் பெண்ணுக்குப் பாட்டு மனப்பாடம், இருட்டிலேயே தொடங்கினாள். நானும் எடுத்தேன். இத்தனை வருஷம் அடக்கிவைத்திருந்த குரல் மண்டபத்தின் கடைசிச் சுவர்வரை போனது. ஒருவரும் இருமவில்லை. பாதிப் பாட்டில் ஜெனரேட்டர் ஓடி விளக்கு எரிந்தது. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் மேடையில் பாடும் ஆண் எங்கே என்று தேடினார். பர்மியப் பெண்கள் இடுப்பில் சுற்றும் தமேயினைப் பச்சைப் பட்டில் கட்டிக்கொண்டு நான்தான் நின்றேன். அவரைப் பார்த்தபடியே கடைசி வரியை அடித்தொண்டைக்கு இறக்கி முடித்தேன். எழுந்து நின்று முதலில் கைதட்டியவரும் அவர்தான். பிறகு மண்டபமே எழுந்தது.

வீடு திரும்பும் வழியில் மோஹிங்கா என்ற மீன்சாற்று நூடுல்ஸ் விற்கும் கடையில் உட்கார்ந்தோம். கணவர் கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டு, “இன்னொரு வாட்டி பாடேன்” என்றார். கடைக்காரம்மாவும் பக்கத்து மேசைக்காரர்களும் திரும்பிப் பார்க்க, முழுக்குரலில் பாடினேன்.